முழுநாள் பேட்டரி

உலக வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: எங்கள் துணைத் தலைவர் மாசிலாமணி, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுக்கத் தாங்கும் உயர்திறன் மடிக்கணினியோடு, சார்ஜர் என்னும் அற்பப் பொருளைத் துறந்து, கூட்ட அறைக்குள் எழுந்தருளினார். திரை வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, வீடியோ வீடியோவாக ஓட்டி, நிறுவனத்தின் எதிர்காலத்தை விளக்கிக்கொண்டே போனார்.

என் பக்கத்தில் எழிலரசி நெளிந்தபடி என் காதில் கிசுகிசுத்தாள். “அஞ்சு மணிக்கு ஸ்கூல்ல பையனோட நாடகம், சார். முதல் மேடை. இவரு விடமாட்டாரு போலிருக்கே!”

எதிர்காலம் பாதி வருவதற்குள் திரை இருண்டது.

“யார்கிட்டயாவது சார்ஜர் இருக்காப்பா?”

எழிலரசியின் பையில் இருந்தது. அவள் பையைக் காலால் மெல்ல என் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

“உங்களது புது மாடலாச்சே சார், எங்க பழசெல்லாம் சேராது” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அதுவும் சரிதான். மீதி நாளைக்கு.”

வெளியேறும்போது எழிலரசி அந்த மடிக்கணினியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நேரத்துக்குப் போய்விட்டாளாம். பையனுக்கு மரம் வேஷம். கடைசிவரை அசையாமல் நின்றானாம்.