இந்த மாதமும் திவசம்

"என்ன ரீச்சர், திரும்பவும் திவசமோ?"

அரிசி மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான் பிரதாபன்.

"ஓம். என்ரை பெரியப்பாவுக்கு, நாளைக்கு மத்தியானம்," என்றார் சறோஜினிதேவி ரீச்சர். "போன முறை எடுத்ததிலும் கூட அரிசி வேணும். விலையைப் பாத்துப் போடும்."

"திவசத்துக்கும் விலை பேசுறியளோ?"

"செத்தவர் வந்து பேச மாட்டார்தானே. நான்தான் பேச வேணும்."

சைக்கிளில் தேங்காய் கட்டி விற்றுத் தொடங்கியவன் பிரதாபன். இன்றைக்கு நாரந்தனைச் சந்தியில் அவனோடு விலை பேசி வென்றவர் ஒருவரும் இல்லை, ரீச்சரைத் தவிர. பென்சன் எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிற மனுசி. ஒவ்வொரு முறையும் அவன் வாயை அடைத்துவிட்டுத்தான் போவார்.

கடை றேடியோவில் செய்தி போனது. நாட்டின் பொருளாதாரம் நிமிர்ந்துவிட்டதாம்.

"கேட்டியளோ ரீச்சர்? நாடு நிமிர்ந்திட்டுது. உங்கடை வீட்டிலை மட்டும் செத்த ஆக்கள் கூடிக்கொண்டே போகினம்!"

ரீச்சர் சிரித்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினார். கடையில் நிறுவைக்கு நிற்கிற உதயன் மூட்டையைத் தூக்கி வைத்தான்.

ஓட்டோ போன பிறகுதான் பிரதாபனுக்குப் பொறி தட்டியது.

"எடேய் உதயன், ரீச்சரின்ரை தேப்பன் தனிப் பிள்ளை, தாய்தான் வீட்டிலை மூத்தவ எல்லோ? பெரியப்பா எங்கையிருந்து முளைச்சவர்?"

உதயன் தராசைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான்.

"எனக்கென்ன தெரியும் அண்ணை."

தையில் தகப்பனுக்குத் திவசம். பிறகு தாய்க்கு. பிறகு ஒரு மாமா, இன்னொரு மாமா. ஒவ்வொரு முறையும் அரிசி கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

'என்னட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, சோத்துப் பார்சல் கட்டி றோட்டு வேலைக்காரருக்கு விக்கிறா! எனக்கே சுத்துறாவோ?'

ஏற்கெனவே எரிச்சலில் இருந்தவன் அவன். கடை மூலையில் உலர் உணவுப் பொதிகள் குவிந்து கிடந்தன. ரொறன்ரோவிலிருந்து பெரியண்ணை ஜெயரூபன் காசு அனுப்பிக் கட்டச் சொன்னவை. ஒவ்வொரு பையிலும் மாலை போடாத குறையாக அண்ணையின் பெரிய படம். ஒரே ஒரு நிபந்தனைதான். வாங்குகிற ஆள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு ஃபோட்டோ வேண்டும், பேஸ்புக்கில் போட.

ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டுக் கொடுத்தாலும், "வேண்டாம் அண்ணை, எங்களிலும் கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுங்கோ" என்றார்கள்.

"இஞ்சை ஒருத்தருக்கும் பசியில்லை அண்ணை," என்று ரொறன்ரோவுக்குச் சொல்லியும் விட்டான் பிரதாபன்.

மறுநாள் மத்தியானம் உதயன் சாப்பிடப் போன கையோடு பிரதாபன் கடையை இழுத்துச் சாத்தினான். அத்தாட்சிக்குப் படம் எடுக்க ஃபோனைக் கையில் பிடித்தபடி, ரீச்சர் வீட்டுப் படலையைத் தள்ளினான்.

"ரீச்சர்! எங்கை உங்கடை பெரிய..."

விறாந்தை நிறைய ஆட்கள், வாழையிலைக்கு முன்னால். முன்பள்ளி ரீச்சர் நிலக்சனா இருந்தாள். கடலுக்குப் போகிற அமலதாஸ் குடும்பத்தோடு இருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், திவசச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துக்கொண்டிருந்தார். "எங்களிலும் கஷ்டப்பட்ட ஆக்களுக்கு" என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் அங்கேதான்.

மூலையில், பெண்சாதி பிள்ளைகளோடு உதயன். சம்பளம் பேசும்போது அவனை மடக்கிக் குறைத்ததும் பிரதாபன்தான்.

உதயன் பாதிச் சாப்பாட்டில் எழும்பினான். "அண்ணை... திவசச் சோறு, வேண்டாமெண்டு சொல்லக் கூடாதெண்டு ரீச்சர்தான்..."

எல்லாக் கைகளும் இலையில் நின்றுவிட்டன. பிரதாபன் ஒரு சொல் சொன்னால் போதும், இனி ஒருவரும் இந்தப் படலையைத் திறக்க மாட்டார்கள்.

பருப்புச் சட்டியோடு ரீச்சர் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படம் எடுக்கவோ வந்தனீர்?"

பிரதாபன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"எடேய் உதயன், இருந்து சாப்பிடடா! என்னத்துக்கு எழும்புறாய்?" என்று கத்தினான். "ரீச்சர், எனக்கும் ஒரு இலை போடுங்கோ. உங்கடை பெரியப்பா என்னை எவ்வளவு தூக்கி வளத்த மனுசன்!"

ரீச்சர் இலையைப் போட்டார். கைகள் திரும்பவும் அசைந்தன.

இரண்டாம் முறை சோறு வாங்கும்போது அவன் குரல் இன்னும் உயர்ந்தது. "எல்லாரும் கேளுங்கோ! வாற வெள்ளி எங்கடை வீட்டிலையும் திவசம். ஆரும் வராமல் விட்டால் எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

"ஆற்றை திவசம் தம்பி?" என்றார் அமலதாஸ்.

பிரதாபன் வாயில் வந்த பெயரைச் சொன்னான்.

"அட பாவமே," அமலதாஸ் தலையை ஆட்டினார். "பையிலை படத்தைப் பாத்த உடனையே நினைச்சனான். உம்மட்டைக் கேக்கத்தான் மனம் வரேல்லை."

வெள்ளிக்கிழமை பொதிகள் எல்லாவற்றையும் பிரித்து அண்டாவில் கொட்டினான் பிரதாபன். முற்றம் கொள்ளாத சனம்.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு.

"என்னடா, பொதியள் முடிஞ்சுதோ?"

"ஒண்டும் மிச்சமில்லை அண்ணை. இனிக் கூட அனுப்ப வேண்டி வரும்."

"சந்தோசம். படங்கள் எங்கை? ஒண்டையும் காணேல்லை."

"படம் எடுக்கேலாது அண்ணை. திவச வீட்டிலை ஆரும் சாப்பிடுற ஆக்களைப் படம் எடுக்கிறவையே?"

"திவசமோ? ஆற்றையடா?"

பிரதாபன் தொண்டையைச் செருமினான்.

"உங்கடைதான்."