வாலைப் பற்றி யாரும் சொல்லவில்லை

சோதனை அறைக்குப் போகவிருந்த சர்க்யூட் போர்டுக்கு ஒரே கவலைதான். பக்கத்தில் இருக்கும் ரேடியோவைக் கரகரக்க வைத்துவிட்டால் அதற்குக் குப்பைக்கூடைதான் கதி.

போர்டு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளோடு சுவரில் ஒட்டியிருந்த விதித்தாள் அதைப் பார்த்து, "உன் அடியில் இருக்கும் செம்புத் தகட்டில் ஒரு வெட்டு இருக்கிறது. அந்த வெட்டைத் தாண்டி சிக்னல் ஓடினால் நீ சத்தம் போடுவாய்" என்றது.

"இவர் வருகிற எல்லாரிடமும் இதையேதான் சொல்வார்" என்றது, சோதனைக்கு முன்பே முடிவைக் கணித்துச் சொல்லும், கணினிக்குள் இருந்த சிமுலேஷன் மென்பொருள். "நான் உன்னை நாற்பது லட்சம் துண்டாக்கிக் கணக்குப் போட்டுவிட்டேன். நீ பரம சாது."

போர்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அதை யாரும் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

சோதனை அறையில் போர்டுக்கு ஒரு நீளமான கேபிளை வால்போலச் செருகி மின்சாரம் கொடுத்தார்கள். மறுநொடியே மூலையில் இருந்த ரேடியோ கரகரவென்று கத்தியது.

பழைய அறைக்கே திரும்பி வந்து குப்பைக்கூடையில் கிடந்தபடி போர்டு மென்பொருளிடம் கேட்டது: "ஐயா, என் வாலையும் கணக்கில் சேர்த்தீர்களா?"

"உனக்கு வால் உண்டென்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே."

"நான் அப்போதே சொன்னேன்" என்றது விதித்தாள்.

"அப்படியானால் என் வாலைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?"

விதித்தாள் தன்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துப் பார்த்தது.

"எந்த வால்?" என்றது.