பழைய கேஸ்கெட்

மெக்கானிக்கின் மேசைமேல் இரண்டு ஹெட் கேஸ்கெட்டுகள் இருந்தன. ஒன்று புதியது, உறை பிரிக்காதது. இன்னொன்று, போன பந்தயம் முடிந்ததும் இதே என்ஜினிலிருந்து கழற்றியது.

அவர் பழையதை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேஸ்கெட் தேர்ந்தெடுக்க அவர் யோசிக்கிற அளவுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட யோசிக்க மாட்டார்கள். தடிமனை அளப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், வேண்டாம் என்று வைப்பார், மறுபடி எடுப்பார். அந்த மெல்லிய தகடுதான் என்ஜினுக்குள் நெருப்பையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. அவர் பூட்டியதில் ஒன்றுகூடப் பந்தயத்தில் புகைந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பழையதில், இரண்டாவது மூன்றாவது சிலிண்டர் துளைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தீத்தழும்பு இருந்தது. பந்தயம் சூடுபிடிப்பதற்குள் அந்த இடம் பிய்ந்துவிடும். வெள்ளைப் புகை கிளம்பும், என்ஜின் இழுக்காது, காரை ஓரங்கட்டியே ஆக வேண்டும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

அதுதான் அவருக்கு வேண்டும்.

கார் ஓட்டுபவன் அவருடைய தங்கை புருஷன். ஓரப்பார்வை முழுக்கப் போய், இப்போது நேர்ப்பார்வையும் மங்க ஆரம்பித்திருந்தது. போன பந்தயத்தில் பக்கத்தில் வந்த காரைப் பார்க்கவே இல்லை, மயிரிழையில் தப்பினான். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, பெண்டாட்டி அழுதும் கேட்கவில்லை. வண்டி ஓட்டாவிட்டால் நான் யார் என்று கேட்டான்.

காலையில் தங்கை பட்டறைக்கு வந்து, கதவோரமே நின்றாள். “அண்ணா, அவர் தோத்துட்டு வந்தாலும் பரவாயில்ல. வீட்டுக்கு வந்தா போதும்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்ஜின் பிளாக்கின் மேல்தளத்தைத் துடைத்து முடித்தபோது மாப்பிள்ளையே உள்ளே வந்தான். பந்தயத்துக்கு முன்னால் கேஸ்கெட்டை அவன் கையால் வைப்பதுதான் வழக்கம். ராசி என்பான். இவர் கிண்டல் பண்ணுவார். இத்தனை வருஷ வழக்கத்தை இன்றைக்குப் பதற்றத்தில் மறந்தே போயிருந்தார்.

துடைத்து வைத்திருந்த பழைய கேஸ்கெட்டை மாப்பிள்ளை கையில் எடுத்தான்.

அவன் கண்ணுக்குத் தழும்பு தெரியாது என்று இவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

அவன் பார்க்கவில்லை. தடவினான். ஒவ்வொரு துளையின் விளிம்பாக ஊர்ந்து வந்த கட்டைவிரல், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றது.

புதிய கேஸ்கெட் அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அது அங்கே இருப்பது அவனுக்கும் தெரியும்.

விரல் அந்த இடத்தைவிட்டு வெகுநேரம் நகரவில்லை.

பிறகு அவன் பழைய கேஸ்கெட்டையே பிளாக்கின் மேல் வைத்தான். துளைக்குத் துளை சரிபார்த்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினான்.

“உங்க பேரு கெட்டுப்போகுமே, மச்சான்” என்றான்.

மெக்கானிக் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கக் குனிந்தார். மாப்பிள்ளை தடவிப் பார்த்து மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து அதை இறக்கி வைத்தார்கள்.