கால் கட்டைவிரல்

முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு, பொற்கொடியின் விரல்களில் ரேகையே இல்லாமல் போயிருந்தது. புது போன் அவள் விரல் எதையும் ஏற்கவில்லை. குவைத்துக்குக் கிளம்பிய அன்று கணவன் விளையாட்டாக, தொட்டிலில் கிடந்த மகளின் கால் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அது பதிந்துகொண்டது. அன்றிலிருந்து, அவன் பேசி அனுப்புவதைக் கேட்க வேண்டுமென்றால் அவள் தொட்டிலுக்குத்தான் போவாள். "நம்பர் போட்டுத் தொறங்களேன் அண்ணி, புள்ளய ஏன் படுத்துறீங்க?" என்று நாத்தனார் கோமளா கேலி செய்வாள். "அது எனக்கு மறந்துபோச்சு" என்பாள் பொற்கொடி. மறக்கவில்லை. இன்று அந்த விரலுக்கும் போன் திறக்கவில்லை. முந்தானையால் துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள். கூச்சத்தில் குழந்தை சிரித்ததே தவிர, போன் மசியவில்லை. அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நம்பரைப் போட்டாள். அவன் அனுப்பியிருந்ததைக் கேட்பதற்கு முன்னால், தானே பேசி அனுப்பினாள்: "போனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு உங்க மக வளந்துட்டா. சீக்கிரம் வந்துடுங்க."