வாளியில் மிதந்தவை

வாளித் தண்ணீரில் ஒரு கொட்டைகூட மூழ்கவில்லை.

அவள் இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள். அதுவும் மிதந்தது.

அவள் தோட்டத்தில் ஒரு செஸ்ட்நட் மரம் உண்டு. காயைப் பறிக்கக் கூடாது. தானாக விழ வேண்டும். விழுந்த முள்ளுருண்டையைச் செருப்புக் காலால் மிதித்துப் பிளந்து, உள்ளே இருக்கும் கொட்டைகளைத் தண்ணீரில் போட்டால் நல்லது மூழ்கும், சொத்தை மிதக்கும். கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. பத்துப் பதினைந்து மிதப்பது வழக்கம்தான். இப்படி மொத்தமும் மிதந்ததில்லை.

ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். வெறும் தோல்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகன் சுதர்சன் வருடத்துக்கு ஒரு தடவை வருவான். அம்மாவைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வான். பை நிறைந்ததும் கிளம்பிவிடுவான். அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் ஒவ்வொரு கொட்டையையும் துடைத்து வைப்பாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தேவசகாயம் நின்றிருந்தார்.

போன வருடம் அவருடைய செஸ்ட்நட் மரம் தன் கூரைமேல் சாய்கிறது என்று மனு எழுதிப்போட்டு வெட்ட வைத்தவள் இவள்தான். ஒரு கிளை சாய்ந்தது உண்மை. முழு மரத்தையும் எழுதியது வீம்பு. அன்று கேசரி கிண்டித் தனியாகச் சாப்பிட்டாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் வாளியைப் பார்த்தார்.

"ஒத்த மரம் காய்க்கும் டீச்சர். உள்ள பருப்புப் பிடிக்காது. பக்கத்துல இன்னொரு மரமும் பூக்கணும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் போன் வந்தது. காய் விழுந்துவிட்டதா, சனிக்கிழமை வரட்டுமா என்று மகன் கேட்டான்.

"இந்த வருசம் ஒண்ணும் இல்லப்பா. நீ சும்மா வாயேன்."

அப்படியானால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

அவன் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது, அதுவும் தன்மேல்.

வேலிக்கு அப்பால், வெட்டிய அடிமரத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு நாலைந்து துளிர்கள் கிளம்பியிருந்தன. காட்டெருமை மேயாமலிருக்க தேவசகாயம் சுற்றிலும் கம்பிவலை கட்டியிருந்தார்.

அது பூக்க இன்னும் நாலைந்து வருடமாவது ஆகும். அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு.

மிதந்த கொட்டைகளை வாரி எறிந்தாள்.

காலையில் பெய்த மழையின் ஈரம் மண்ணில் காயாமல் இருந்தது. இருந்தும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், வேலி இடுக்கு வழியாக அந்த அடிமரத்துக்குத் தண்ணீரை ஊற்றினாள்.