ராணி சாவியைக் கொடுத்தாள்

"பத்து வருஷமா விளையாடின வீடியோ கேம் அத்தை. கடைசிப் பாகத்துல ராணி சண்டையே போடாம கோட்டைச் சாவியை எதிரிகிட்ட நீட்டறா. இதை எழுதினது உங்க மருமகள்னு வெளியில சொல்லவே வெட்கமா இருக்கு."

மாமியாரின் அண்ணன் மகன் சொன்னது, உள்ளறையில் இருந்த மருமகளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங்க வீட்டுப் பொண்ணு காரணமில்லாம ஒரு வரி எழுத மாட்டா. பிடிக்கலைன்னா விளையாடாதே. காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்பு" என்றார் மாமியார்.

அவன் போனதும் மருமகள் வெளியே வந்தாள்.

"நீங்களாவது என் பக்கம் நின்னீங்க அத்தை. முடிவை மாத்தி, மன்னிப்பும் கேட்கச் சொல்றாங்க ஆபீஸ்ல. எல்லாம் 'கோட்டைக்காவல்'ங்கற பேர்ல ஒருத்தன் பண்ணின வேலை. நெட்ல என்னை நார் நாராக் கிழிச்சிருக்கான்."

"கோட்டைக்காவல் 'அவன்' இல்லை. நான்தான்" என்றார் மாமியார்.

"நீங்களா அத்தை?"

"நீங்க எல்லாரும் வேலைக்குப் போனதும் மத்தியானம் பூரா எனக்கு அந்தக் கோட்டைதான். என் அண்ணன் மகனே ஆனாலும், அவன் முன்னாடி உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்ப நாம ரெண்டு பேர்தான். உட்காரு. சாவியை ஏன் கொடுத்தா?"

"சொல்றேன். ஆனா முடிவை மாத்த மாட்டேன் அத்தை."

"மாத்திப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு. இந்த வீட்டுல யாரும் எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்கப் போறதில்லை. நானும்தான்."