பென்டிரைவ்காரி

“அவ எதையோ மறைக்கிறா சார். சத்தியமாச் சொல்றேன்.”

பெரியக்கா முதலாளியின் மேஜை முன்னால் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தாழ்த்தினாள் என்று பேர்தான். பின்பக்கம் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த பேக்கிங்காரருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

“யாரும்மா?”

“வேற யாரு, நம்ம புதுசுதான்.”

அது பார்சல் ஆபீஸ். கவுண்டரில் ஒரே கம்ப்யூட்டர். காலையில் பெரியக்கா, மதியத்துக்கு மேல் புதுசு. அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து மாசக்கணக்கில் ஆகியும் பேர் மட்டும் இன்னும் பழசாகவில்லை.

“அப்படி என்ன பண்ணுது?”

“கம்ப்யூட்டரை ஒருநாளும் ஒழுங்கா ஆன் பண்றதில்ல சார். நான் ஆஃப் பண்ணிட்டு எழுந்ததும், பையிலேர்ந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகறா. மேல் வரிசையில ஒரு பட்டனை டொக்கு டொக்குன்னு தட்டறா. என்னவோ பூனைப் படத்தோட வேற மாதிரி தொறக்குது. போகும்போது பிடுங்கிக்கிட்டுப் போயிடறா. காலையில வந்து பார்த்தா அவ உட்கார்ந்ததுக்கு ஒரு அடையாளம் கிடையாது. நேர்மையா இருக்கறவ எதுக்கு சார் சுவடு தெரியாம வேலை பார்க்கணும்?”

முதலாளியின் புருவம் ஏறியது. பெரியக்காவுக்குப் பாதி நிம்மதி.

மீதிப் பாதி வராததற்குக் காரணம், மங்கிக்கொண்டே வந்த அவளுடைய சொந்தக் கண்.

முன்பு கவுண்டரில் இருந்தவர் பார்வை மங்கி, கதவு எண்ணை மாற்றி அடித்து, யார் வீட்டுப் பார்சலோ யார் வீட்டுக்கோ போய்விட்டது. “கண்ணு தெரியாதவருக்குக் கவுண்டர் எதுக்கு?” என்று முதலாளி அவரைக் குடோனுக்கு அனுப்பினார். மூட்டை தூக்க முடியாமல் மனுஷர் தானாகவே நின்றுவிட்டார். அன்றிலிருந்து பெரியக்கா யாரும் பார்க்காதபோதுதான் கண்ணாடியைத் துடைப்பாள்.

லீவில் வந்திருந்த பெரியக்காவின் மகள்தான் சாப்பாடு கொண்டுவருகிற சாக்கில் வந்து, என்னென்னவோ தட்டி, திரையில் எழுத்தையெல்லாம் கொட்டை கொட்டையாக ஆக்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். எப்படிச் செய்தாள் என்பது பெரியக்காவுக்குத் தெரியாது. வெளிச்சம் கூசுகிறது என்று சாக்குச் சொல்லி, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

புதுசோ வேகமான கைக்காரி. என்றைக்காவது காலை நாற்காலிக்கும் சேர்த்துத் துண்டு போட்டுவிடுவாளோ? அவள் முந்துவதற்குள் தான் முந்திக்கொண்டாள் பெரியக்கா.

மதியம் புதுசு வந்து உட்கார்ந்ததும் முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“எங்க, அந்த பென்டிரைவைக் காட்டு. என்ன இருக்கு இதுல?”

“ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டமே இருக்கு சார். இதைச் சொருகி ஆன் பண்ணினா இதுலேர்ந்தே ஓடும். பிடுங்கிட்டா, உள்ள இருக்கறது எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். எதையும் தொடாது.”

“கடை விஷயத்தைக் காப்பி பண்ணி வெளியில கொண்டு போறியா?”

“நீங்களே பாருங்க சார்.”

சொருகினாள். பட்டனைத் தட்டினாள். பூனை வந்தது. முதலாளி ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பூனையைத் தவிர ஒன்றுமில்லை. பார்சல் பதிவெல்லாம் இன்டர்நெட்டில் இருந்தது, இருக்க வேண்டிய இடத்திலேயே.

“அப்போ எங்க கம்ப்யூட்டருக்கு என்ன கேடு? இதைப் பிடுங்கிட்டு அதை ஆன் பண்ணு. என் கண்ணு முன்னாடி.”

கிளம்பிக்கொண்டிருந்த பெரியக்காவுக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. அதை ஆன் பண்ணினால் கொட்டை எழுத்து பல்லைக் காட்டுமே! யாருக்காக இது என்று முதலாளி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? சும்மா இருக்காமல் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனே என்று உள்ளுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

புதுசு அசையவில்லை.

“வேணாம் சார். எனக்கு இதுலதான் கை பழகியிருக்கு. சில பேருக்கு அடுத்தவங்க தலைகாணியில தூக்கம் வராதில்ல, அந்த மாதிரி. திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கறேன்.”

திட்டினார். கவுண்டரில் நின்றவர்கள் எல்லாரும் கேட்க, நன்றாகவே திட்டினார். கடைசியில், “உன் பதிவுல தப்பு வர்றதில்ல, அதனால பொழைச்ச. பூனையைக் கட்டிக்கிட்டு அழு. ஆனா அந்த பென்டிரைவ் ராத்திரி என் டிராயர்லதான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

“பூனைக்குச் சாப்பாடு யார் சார் வெக்கறது?” என்றார் பேக்கிங்காரர். புதுசும் சிரித்தாள்.

பெரியக்கா மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள்.

“ஏண்டி, பேசாம ஆன் பண்ணியிருந்தா இத்தனை திட்டு மிச்சமாகியிருக்கும்ல? அந்தக் கம்ப்யூட்டர் உன்னை என்ன பண்ணிச்சு?”

புதுசு ஒரு முகவரியை அடித்துக்கொண்டே, நிஜமாகவே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“வந்த அன்னிக்கே ஆன் பண்ணிப் பார்த்துட்டேன்க்கா. எழுத்தெல்லாம் பெரிசா, பாதி திரைக்கு வெளியில நின்னுச்சு. எனக்கு ஓடல.”

பெரியக்கா தோளிலிருந்த பையைக் கவுண்டர் மேல் இறக்கினாள். “அப்போ... சின்னதாக்கிக்க வேண்டியதுதானே?”

“ஆக்கிக்கலாம். போகும்போது மறுபடி பெரிசாக்கியும் வெக்கலாம். என்னிக்காவது ஒருநாள் நான் மறந்துட்டேன்னா, மறுநாள் காலையில நீங்க சாரைக் கூப்பிட்டு எழுத்து தெரியலைன்னு சொல்ல வேண்டி வருமேக்கா.”